கோப்பு திறக்கும் பட்டன்: ஜாவா ஸ்விங் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு சின்ன அச்சகத்துக்காக பில் போடும் நிரல் ஒன்றை ஜாவா ஸ்விங்கில் (ஜாவாவில் ஜன்னல், பட்டன், மெனு அமைக்க உதவும் நூலகம்) எழுதினேன். பல வருடமாக நானே பராமரித்தும் வருகிறேன். அதில் நான் அதிகமுறை கை வைத்தது வரிக் கணக்கில் அல்ல, 'கோப்பைத் திற' என்ற ஒரே ஒரு பட்டனில். அந்த அனுபவத்தை வைத்து, ஸ்விங் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வகுப்புப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் மூலப்பெயர் பிடிபட்டுவிடும்.

ஸ்விங் பழசாயிற்றே, இன்னும் எதற்கு?

1998 டிசம்பரில் ஜேடிகே (ஜாவா நிரல் எழுதுவதற்கான கருவித் தொகுப்பு) 1.2-வோடு வந்தது, பழசுதான். ஆனால் இன்றும் ஜேடிகே-க்குள்ளேயே வருகிறது, தனியாக எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். இணையம் வருவதும் போவதுமாக இருக்கும் கடைக் கணினியில் நிரலை நிறுவப் போகிறவனுக்கு இது போதும்.

மெனுவில் ஒரு 'திற', டூல்பாரில் ஒரு 'திற', கண்ட்ரோல்-ஓ அழுத்தினாலும் திறக்க வேண்டும். மூன்று இடத்திலும் எழுதணுமா?

வேண்டாம். முதலில் நானும் மூன்று இடத்தில் எழுதினேன். மெனுவில் ஃபில்டரை (எந்த வகைக் கோப்புகள் மட்டும் தெரிய வேண்டும் என்ற வடிகட்டியை) மாற்றினால் டூல்பாரில் பழைய ஃபில்டரே இருக்கும். கடைக்காரர், "மேலே இருக்கிற பட்டன்ல அந்த ஃபைல் தெரியலயே, மெனுல தெரியுதே" என்று போன் செய்த பிறகுதான் புத்தி வந்தது.

ஸ்விங்கில் இதற்கென்றே 'ஆக்‌ஷன்' என்ற இடைமுகம் இருக்கிறது. 'ஆப்ஸ்ட்ராக்ட்ஆக்‌ஷன்' வகுப்பை நீட்டித்து ஒரு வகுப்பு எழுதுங்கள். அதில் ஒரே ஒரு பொருளை உருவாக்கி, ஜேபட்டனின் கன்ஸ்ட்ரக்டருக்கும் (பொருளை உருவாக்கும் பகுதி) ஜேமெனுஐட்டமின் கன்ஸ்ட்ரக்டருக்கும் அதையே கொடுங்கள். 'ஆக்சலரேட்டர்_கீ' மதிப்பில் கண்ட்ரோல்-ஓ-வைப் போட்டுவிட்டால் மெனு ஐட்டம் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். வாசல் மூன்று, வீடு ஒன்று.

ஆக்‌ஷன்லிசனர் போதாதா?

கிளிக்கைக் கேட்க மட்டும் என்றால் போதும். ஆக்‌ஷன் என்பது ஆக்‌ஷன்லிசனரை நீட்டித்த இடைமுகம்தான். கூடுதலாகப் பெயர், ஐகான், டூல்டிப், குறுக்குவிசை இவற்றையும், இப்போது செயல்படலாமா கூடாதா என்ற நிலையையும் அது தன்னிடமே வைத்திருக்கும். அந்தக் கடைசி விஷயத்துக்காகவே இதைப் பயன்படுத்தலாம். ஆக்‌ஷன் மீது செட்எனேபிள்ட் என்பதை ஒருமுறை பொய் என்று வைத்தால் பட்டனும் மெனு ஐட்டமும் ஒரே நேரத்தில் மங்கும். லிசனர் மட்டும் வைத்திருந்தால் ஒவ்வொரு பட்டனையும் தேடிப் போய் அணைக்க வேண்டும். அதில் ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

சரி, எந்த நிரலிலும் தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு 'திற' ஆக்‌ஷனை எப்படி அமைப்பது?

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆக்‌ஷனுக்குக் கோப்பைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும், அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவே கூடாது. பில் பட்டியலை ஏற்றும் கோட் ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்ட் மெத்தடுக்குள் இருந்தால், அடுத்த மாதம் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்ற இன்னொரு ஆக்‌ஷன் எழுத வேண்டிவரும். அதற்கடுத்த மாதம் இன்னொன்று.

அதனால் என் ஆக்‌ஷன் கன்ஸ்ட்ரக்டரில் நான்கு விஷயங்களை வாங்குகிறது: பட்டனில் தெரிய வேண்டிய பெயர், தாய் ஜன்னல், ஃபில்டர், கடைசியாக ஒரு 'கன்ஸ்யூமர்'. கன்ஸ்யூமர் என்பது ஜாவா 8-இல் வந்தது. ஒரு மதிப்பை வாங்கி வேலை செய்யும் ஃபங்ஷன், திருப்பித் தருவது ஒன்றுமில்லை. ஆக்‌ஷனின் உள்ளே நடப்பது இவ்வளவுதான்:

தேர்வுப் பெட்டியில் (ஜேஃபைல்சூஸர்) ஃபில்டரை மாட்டு
தாய் ஜன்னலுக்கு மேல் பெட்டியைக் காட்டு, விடையை வாங்கு
விடை அப்ரூவ்_ஆப்ஷன் (பயனர் 'திற' அழுத்தினார்) இல்லை என்றால் திரும்பிப் போ
தேர்ந்த கோப்பை எடு
கோப்பு நிஜமாகவே இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்று பார்
கன்ஸ்யூமரிடம் கொடு

பில் ஏற்ற ஒரு லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்), வாடிக்கையாளர் பட்டியலுக்கு இன்னொரு லாம்டா, லோகோ படத்துக்கு மூன்றாவது. ஆக்‌ஷன் வகுப்பு அதேதான். நான் அதை எழுதி முடித்த நாளில் அறுபது வரிக்குள் அடங்கிவிட்டது. அதற்கு முன்னால் அதே வேலைக்கு ஐந்து இடத்தில் கோட் சிதறிக் கிடந்தது.

பயனர் 'கேன்சல்' அழுத்தினால் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யக் கூடாது. "நீங்கள் கோப்பு எதையும் தேர்ந்தெடுக்கவில்லை" என்று செய்திப் பெட்டி காட்டும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். அவருக்கே தெரியும், அவர்தானே கேன்சல் அழுத்தினார்!

ஆனால் ஒரு குழி இருக்கிறது, அதில் நான் விழுந்தேன். ஜேஃபைல்சூஸரின் ஷோஓப்பன்டயலாக் திருப்பித் தரும் விடையைச் சோதிக்காமல், கெட்செலக்டட்ஃபைல் தருவது நல் (மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) இல்லை என்றாலே கோப்பு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு முறையும் புதிய சூஸர் உருவாக்கியவரை சமாளித்தது. வேகத்துக்காக ஒரே சூஸரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த ஆரம்பித்ததும் கெட்டது. கேன்சல் அழுத்தினாலும் முந்தைய தேர்வு சூஸருக்குள் அப்படியே இருக்கும். கடைக்காரர் பாதி பில் தட்டிவிட்டு, தவறுதலாகத் 'திற' அழுத்தி, சுதாரித்துக் கேன்சல் செய்தார். நிரல் காலையில் திறந்த அதே கோப்பை மறுபடி ஏற்றியது. தட்டிய பில் போயே போச்சு.

விடை மூன்றில் ஒன்றாக வரும்: அப்ரூவ்_ஆப்ஷன் என்றால் 0, கேன்சல்_ஆப்ஷன் என்றால் 1, எரர்_ஆப்ஷன் என்றால் -1. எண்ணை நேராக எழுதாமல் பெயரோடு ஒப்பிடுங்கள். "கேன்சலா?" என்று சோதிப்பதைவிட "அப்ரூவா?" என்று சோதிப்பதே சரி, மூலையில் இருக்கும் எக்ஸ் குறியை அழுத்தி மூடினாலும், வேறு ஏதாவது கோளாறு என்றாலும் அந்த ஒரே வாசலில் நின்றுவிடும்.

பெட்டி சில நேரம் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, அல்லது திரையின் நடுவில் எங்கோ வருகிறது. ஏன்?

ஷோஓப்பன்டயலாக்குக்கு நல் கொடுத்திருப்பீர்கள். தாய் ஜன்னலைக் கொடுத்தால் அதன் மேல் வந்து நிற்கும்.

"ஆக்‌ஷன் ஈவன்டின் சோர்ஸ்தான் பட்டன். பட்டனிலிருந்து ஜன்னலைக் கண்டுபிடித்தால் போச்சே, கன்ஸ்ட்ரக்டரில் எதற்கு வாங்க வேண்டும்?" என்று கேட்பார்கள். நல்ல யோசனைதான், ஸ்விங்யூடிலிட்டீஸில் கெட்விண்டோஆன்செஸ்டர் என்று மெத்தடே இருக்கிறது. பட்டனில் வேலை செய்யும், மெனுவில் காலை வாரும். மெனு ஐட்டமின் பெற்றோர் ஜன்னல் அல்ல, ஜேபாப்அப்மெனு. ஐட்டமைச் சொடுக்கியதும் முதலில் மெனு மூடிக்கொள்கிறது, அதன் பிறகுதான் உங்கள் ஆக்‌ஷன் ஓடுகிறது. அந்த நேரம் பாப்அப் எந்த ஜன்னலிலும் இல்லை, கிடைப்பது நல். கண்ட்ரோல்-ஓ என்றால் பாப்அப் திறக்கவே இல்லை. பாப்அப்பின் இன்வோக்கரை, அதாவது அதைத் திறந்த மெனுவைப் பிடித்து மேலே ஏறிப் போகலாம், முடியும். நான் அதையும் எழுதிப் பார்த்துவிட்டு அழித்தேன். கன்ஸ்ட்ரக்டரில் ஜன்னலை வாங்கிவிடுங்கள், ஒரு வரியில் முடிந்தது.

ஃபில்டர் போட்டேன், ஒரு கோப்பும் தெரியவில்லை!

ஃபைல்நேம்எக்ஸ்டென்ஷன்ஃபில்டருக்கு நீட்சியை (கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் வகைப்பெயர்) புள்ளியோடு கொடுத்திருப்பீர்கள். புள்ளி இல்லாமல் 'சிஎஸ்வி' (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) என்று மட்டும் கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை அது பார்ப்பதில்லை, அதனால் இரண்டையும் எழுதத் தேவையில்லை. 'எல்லாக் கோப்புகளும்' என்ற தேர்வு வேண்டாம் என்றால் செட்அக்செப்ட்ஆல்ஃபைல்ஃபில்டர்யூஸ்ட் என்பதைப் பொய்யாக வையுங்கள்.

ஃபில்டர் இருக்கும்போது வேறு வகைக் கோப்பு வர வழியே இல்லையே?

இருக்கிறது. ஃபில்டர் கண்ணுக்கு முன்னால் கட்டிய திரை மட்டும்தான், காவல்காரன் அல்ல. கோப்புப் பெயர்ப் பெட்டியில் பயனர் எதையும் தட்டலாம். இல்லாத கோப்பின் பெயரைத் தட்டி 'திற' அழுத்தினாலும் ஜேஃபைல்சூஸர் அப்ரூவ் என்றே சொல்லும், கோப்பு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. படத்தின் பெயரை மாற்றி சிஎஸ்வி என்று வைத்திருப்பவரும் உண்டு. மேலே சொன்ன அந்த 'நிஜமாகவே இருக்கிறதா' என்ற வரி இதற்காகத்தான்.

'சேமி'க்கும் இதே ஆக்‌ஷன் ஆகுமா?

அமைப்பு அதேதான், ஆனால் தனி வகுப்பாக வையுங்கள். சேமிக்கும்போது இரண்டு தொல்லை கூடுதல். பயனர் 'ஏப்ரல்' என்று தட்டினால் கோப்பு நீட்சி இல்லாமல் 'ஏப்ரல்' என்றே விழும், சூஸர் எதையும் ஒட்டாது. அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் "மேலெழுதட்டுமா?" என்றும் கேட்காது.

இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். தவறு வரிசையில்தான். 'ஏப்ரல்' என்ற கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். இல்லை. சரி என்று நீட்சியை ஒட்டுகிறார்கள், எழுதுகிறார்கள். போன வாரம் சேமித்த நீட்சியோடு கூடிய ஏப்ரல் கோப்பு சத்தமில்லாமல் அழிகிறது. எச்சரிக்கை எழுதியும் இருக்கிறது, வேலைக்கும் ஆகவில்லை. எப்போதும் முதலில் நீட்சி, அப்புறம் சோதனை.

இதை எழுத ஏற்ற இடம் ஜேஃபைல்சூஸரின் அப்ரூவ்செலக்‌ஷன். அந்த மெத்தடை நம் துணை வகுப்பில் மாற்றி எழுதி (ஓவர்ரைடு), பெட்டி சேமிக்கும் வகையில் இருக்கிறதா என்று பார்த்து, நீட்சியை ஒட்டிய கோப்பை செட்செலக்டட்ஃபைல் மூலம் திரும்ப வைத்து, கோப்பு இருந்தால் ஜேஆப்ஷன்பேன் மூலம் கேளுங்கள். 'ஆம்' என்றால் மட்டும் தாய் வகுப்பின் அப்ரூவ்செலக்‌ஷனை அழையுங்கள். 'இல்லை' என்றால் வெறுமனே திரும்பினால் போதும். பெட்டி மூடாமல் நிற்கும், பயனர் அங்கேயே வேறு பெயர் தட்டலாம். பெட்டி மூடிய பிறகு கேட்டால், 'இல்லை' என்றவர் மறுபடி முதலிலிருந்து ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து வர வேண்டும்.

பெரிய கோப்பைத் திறந்தால் நிரல் உறைந்து போகிறது.

ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்ட் ஓடுவது ஸ்விங்கின் ஈவன்ட் திரெட்டில் (கிளிக்குகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் ஒரே இழை). திரையை வரைவதும் அதே திரெட்தான். நீங்கள் அங்கே உட்கார்ந்து 40 எம்பி படித்தால் வரைய ஆள் இல்லை. கன்ஸ்யூமருக்குள் ஸ்விங்ஒர்க்கர் ஒன்றைத் தொடங்குங்கள், ஜாவா 6-லிருந்து நூலகத்திலேயே இருக்கிறது. டூஇன்பேக்ரவுண்டில் படியுங்கள், டன் மெத்தடில் திரையில் காட்டுங்கள். டன்னுக்குள் கெட் அழைக்க மறக்காதீர்கள். அழைக்காவிட்டால் பின்னணியில் நடந்த பிழை வெளியே வராமலே செத்துப்போகும்.

தொடங்கும்போது ஆக்‌ஷனை அணைத்துவிட்டு, டன்னில் ஃபைனலி பகுதியில் திரும்ப இயக்குங்கள். இல்லையென்றால் பொறுமை இல்லாதவர் மூன்று முறை 'திற' அழுத்தி அதே கோப்பை மூன்று முறை ஏற்றிவிடுவார்.

பெட்டி முதல்முறை வரவே சில நொடி ஆகிறதே?

ஜேஃபைல்சூஸர் உருவாகும்போதே ஃபோல்டர்களையும் டிரைவ்களையும் ஐகான்களையும் விசாரிக்கிறது. துண்டித்துக் கிடக்கும் நெட்வொர்க் டிரைவ் ஒன்று இருந்தால் இன்னும் தாமதம். ஒரே சூஸரை வைத்துத் திரும்பப் பயன்படுத்துவதுதான் வழி. அதற்கு இரண்டு விலை. ஒன்று, கேன்சல் கதை, மேலே சொல்லிவிட்டேன். இரண்டு, ஃபில்டர்கள் சேர்ந்துகொண்டே போகும்: லோகோ தேர்வு செய்யும் பெட்டியில் சிஎஸ்வியும் பட்டியலில் நிற்கும். ஒவ்வொரு முறையும் காட்டுவதற்கு முன் ரீசெட்சூஸபிள்ஃபைல்ஃபில்டர்ஸ் அழைத்துவிட்டு புதிதாக மாட்டுங்கள்.

கடைசியாகத் திறந்த ஃபோல்டரை எப்படி நினைவில் வைப்பது?

பிரெஃபரன்ஸஸ் வகுப்பில் பாதையை எழுதிவையுங்கள். விண்டோஸில் அது ரெஜிஸ்ட்ரியில் போய் உட்காரும், லினக்ஸில் பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் மறைவான ஃபோல்டரில். அடுத்தமுறை செட்கரன்ட்டைரக்டரிக்குக் கொடுங்கள். பென்டிரைவ் பாதையாக இருந்து, இப்போது பென்டிரைவ் இல்லை என்றாலும் பிழை வீசாது, திறக்கக்கூடிய ஃபோல்டரைத் தேடி அதுவே மேலே ஏறும். நல் கொடுத்தால் இயல்பு இடம்: விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், யுனிக்ஸில் ஹோம்.

ஒவ்வொரு ஆக்‌ஷனுக்கும் தனி சாவிப் பெயர் வையுங்கள். லோகோ இருக்கும் இடமும் பில் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது.

பெட்டியில் உள்ள 'ஓப்பன்', 'கேன்சல்' எல்லாம் தமிழில் வர வழி உண்டா?

உண்டு. ஜேடிகே-யில் ஸ்விங்குக்கான தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, நாமே கொடுக்க வேண்டும். சூஸரை உருவாக்குவதற்கு முன்னால் யூஐமேனேஜரின் புட் மெத்தடில் ஃபைல்சூஸர் என்று தொடங்கும் சாவிகளுக்கு நம் சொற்களைப் போட்டுவிடலாம். 'திற', 'விடு', 'கோப்புப் பெயர்', 'கோப்பு வகை' என்று போட்டேன். கடைக்காரர் 'விடு' என்பதைப் பார்த்துச் சிரித்தார், 'வேண்டாம்' என்று மாற்றினேன். அதுதான் சரியான சொல் என்று இப்போது தோன்றுகிறது. சூஸர் உருவான பிறகு சாவியை மாற்றினால் அந்தச் சூஸரில் தெரியாது.

தமிழ்க் கோப்பைத் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது. சூஸரில் கோளாறா?

இல்லை. சூஸர் பாதையை மட்டும்தான் தருகிறது, கோளாறு படிக்கும் இடத்தில். யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். பழைய ஜாவாவில் ஃபைல்ரீடர் இயங்குதளத்தின் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற முறை. அதனால் 'க' என்ற ஒரே எழுத்து மூன்று குப்பைக் குறிகளாக வரும். எழுத்து எண்ணிக்கை மூன்று மடங்காகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். 2022-இல் வந்த ஜாவா 18-லிருந்து யூடிஎஃப்-8 தான் இயல்பு. முந்தைய பதிப்பிலும் ஓட வேண்டும் என்றால் குறியாக்கத்தைக் கையால் எழுதிக் கொடுங்கள். டிஸ்கியிலோ பாமினியிலோ (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்து முறைகள்) தட்டிய பழைய கோப்பு என்றால் இதனாலும் தீராது, முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. எக்செல்லில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி நிற்கும். ஜாவா அதை நீக்குவதில்லை. முதல் நெடுவரிசையின் தலைப்பு 'பெயர்'. நான் ஒப்பிடுவதும் 'பெயர்'. திரையில் இரண்டும் ஒன்று, நிரல் மட்டும் "அப்படி ஒரு நெடுவரிசை இல்லை" என்கிறது. ஓர் இரவு முழுக்க இதில் போயிற்று. கடைசியில் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தபோது ஒன்றில் 5, மற்றதில் 6.

ஜாவாஎஃப்எக்ஸ், கியூட்டி, டிகேஇன்டர் போன்ற வேறு ஜன்னல் நூலகங்கள் பக்கம் போனால் இதெல்லாம் மாறுமா?

பெயர்கள் மாறும். ஜாவாஎஃப்எக்ஸின் ஃபைல்சூஸர் இயங்குதளத்தின் சொந்தப் பெட்டியைக் காட்டும், கேன்சல் என்றால் நல் தரும். கியூட்டியில் கியூஆக்‌ஷன் கிட்டத்தட்ட ஸ்விங் ஆக்‌ஷனின் வேலையையே செய்கிறது. கேன்சல் என்றால் காலிச் சரம். பைத்தானின் டிகேஇன்டரில் ஆக்‌ஷன் என்று தனியாக எதுவும் இல்லை, ஒரு ஃபங்ஷனை எழுதி பட்டனுக்கும் மெனுவுக்கும் அதையே கொடுக்கலாம். கொடுக்கும்போது ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிடாதீர்கள். போட்டால் பட்டனை யாரும் தொடும் முன்பே, நிரல் தொடங்கும்போதே பெட்டி வந்து நிற்கும்.

பெட்டி வரும் கோடை எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு சோதனைக்கும் நான் உட்கார்ந்து கிளிக் செய்யணுமா?

ஆக்‌ஷன் நேராக ஜேஃபைல்சூஸரைத் தொடாமல் இருந்தால் வேண்டாம். 'கோப்பைக் கேள்' என்று ஒரே மெத்தட் உள்ள சின்ன இடைமுகம் எழுதுங்கள், ஆப்ஷனல் (உள்ளே மதிப்பு இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம் என்ற உறை) ஆகக் கோப்பைத் திருப்பித் தரட்டும். நிஜ நிரலில் அதன் பின்னால் சூஸர் நிற்கும். சோதனையில் கேட்டவுடன் தற்காலிகக் கோப்பைத் தரும் போலி ஒன்று, காலி ஆப்ஷனல் தரும் போலி இன்னொன்று. இரண்டாவதைக் கொடுத்து, கன்ஸ்யூமர் ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை என்று உறுதிசெய்யுங்கள். அதன் பிறகு சூஸருக்கான நிஜ வகுப்பில் மட்டும் கையால் ஒருமுறை பாருங்கள்: ஒரு கோப்பைத் திறந்து, மறுபடி 'திற' அழுத்தி, கேன்சல் செய்யுங்கள். திரையில் எதுவும் அசையக் கூடாது.